லைக் போட்டதற்கு ஒரு வழக்கு: 66ஏ போன பிறகும் போகாத பயம்

இணையத்தில் எதையோ எழுதியதற்காக இளைஞர்கள் மீது போடப்பட்டு நாடறிந்த வழக்குகளை வரிசையாக எடுத்துப் படித்தால், கடைசியில் பெரும்பாலும் எழுதியவர் பக்கமே நீதிமன்றம் நின்றிருப்பது தெரியும். தீர்ப்புகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அந்தத் தீர்ப்புகளைப் படித்துத் துணிச்சல் பெற்றவர்கள் சிலரே. அதற்கு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் முன்பே நடந்த கைதைச் செய்தியில் பார்த்து, எழுதியதை அழித்துவிட்டு ஒதுங்கியவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. பேச்சுரிமை இந்த இடைவெளியில்தான் தேய்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதற்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 66ஏ கதையைவிடத் தெளிவான உதாரணம் இந்தியாவில் கிடையாது.

2012 நவம்பர் 17ஆம் தேதி சிவசேனா தலைவர் பால் தாக்கரே காலமானார். மறுநாள் மும்பை முழுக்கக் கடைகள் அடைக்கப்பட்டன. அப்போது தானே மாவட்டத்தில் இருந்த பால்கர் என்ற ஊரில் 21 வயதுப் பெண் ஒருவர் அன்று முகநூலில் நாலைந்து வரி எழுதினார். தினமும் எத்தனையோ பேர் இறக்கிறார்கள், உலகம் நின்றுவிடுவதில்லை. மரியாதை தானாக வர வேண்டும், வலுக்கட்டாயமாகப் பெற முடியாது. இன்று ஊர் மூடிக் கிடப்பது பயத்தால்தான் என்பது அதன் சாரம். வசைச்சொல் ஒன்றுகூட அதில் இல்லை. அவருடைய தோழி அதற்கு லைக் போட்டார். இருவரும் கைது செய்யப்பட்டார்கள். எழுதியவரின் உறவினர் நடத்திய மருத்துவமனைக்குள் ஒரு கும்பல் புகுந்து அடித்து நொறுக்கியது. பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்ட பிறகும் கைது நிற்கவில்லை. 15,000 ரூபாய் பிணைப் பத்திரத்தில் இருவரும் வெளியே வந்தார்கள். நாடெங்கும் கொதிப்பு எழுந்து, பொறுப்பான காவல் அதிகாரிகள் இடைநீக்கம் செய்யப்பட்டு, அடுத்த ஆண்டு வழக்கும் கைவிடப்பட்டது.

லைக் போட்டதற்குக் கைது செய்யும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு எந்தச் சட்டம் கொடுத்தது என்ற கேள்வி அப்போதுதான் பரவலாக எழுந்தது. 2008 டிசம்பரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நுழைக்கப்பட்ட 66ஏ பிரிவுதான் அது. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். மக்களவையில் கூச்சல் குழப்பத்துக்கு நடுவே, விவாதம் இல்லாமலே திருத்தம் நிறைவேறியது. 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கணினி அல்லது செல்போன் வழியாக ‘மிகவும் புண்படுத்தும்’ அல்லது ‘அச்சுறுத்தும் தன்மையுள்ள’ தகவலை அனுப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை. பொய் என்று தெரிந்தே எரிச்சல், அசௌகரியம், ஆபத்து, இடைஞ்சல், அவமதிப்பு, பகைமை, வெறுப்பு போன்றவற்றை உண்டாக்கும் நோக்கில் தொடர்ந்து அனுப்பினாலும் அதே தண்டனை. கொலை மிரட்டலையும் எரிச்சலையும் ஒரே வரியில் அடுக்கிய சட்டம் இது. எரிச்சல் யாருக்கு வர வேண்டும், எவ்வளவு வர வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. அதை முடிவு செய்யும் வேலை, புகாரைக் கையில் வாங்குகிற காவல் நிலையத்துக்குப் போயிற்று.

பிறகு யாருடைய எரிச்சலுக்கு மதிப்பு இருந்தது என்பதை அந்த 2012ஆம் ஆண்டே காட்டியது. ஏப்ரலில் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், முதல்வர் மம்தா பானர்ஜியைக் கிண்டல் செய்த கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காகக் கைதானார். அக்டோபரில் புதுச்சேரியில் சிறுதொழில் நடத்தும் ஒருவர், அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காக விடியற்காலையில் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது இருபது பேர்கூட இல்லை. ஊருக்கே தெரியாத ஒரு வரியை ஊருக்கெல்லாம் தெரிய வைத்தது அந்தக் கைதுதான்.

பால்கர் கைது நடந்து பத்து நாட்களுக்குள் ஷ்ரேயா சிங்கல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். இங்கிலாந்தில் வானியற்பியல் படித்துவிட்டு, இங்கே சட்டப் படிப்பில் சேரவிருந்த 21 வயதுப் பெண். இந்தச் சட்டத்தை இதுவரை யாரும் ஏன் எதிர்க்கவில்லை என்று தலைமை நீதிபதி அல்தமாஸ் கபீர் வியந்தார். எழுதியவருக்கும் 21, வழக்குப் போட்டவருக்கும் 21. இந்தச் சட்டம் யாருடைய அன்றாடத்துக்குள் நுழைந்திருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அரசு தன் தரப்பில் ஒரு சலுகை தந்தது. 2013 ஜனவரியில் மத்திய அரசு அனுப்பிய அறிவுரைப்படி, மாவட்டங்களில் துணை ஆணையர் அல்லது காவல் கண்காணிப்பாளர் நிலையிலும், பெருநகரங்களில் ஐ.ஜி. நிலையிலும் உள்ள அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் 66ஏ-யில் கைது செய்யக்கூடாது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதைக் கட்டாயமாக்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2015 மார்ச்சில், தீர்ப்பு வருவதற்குச் சில நாட்கள் முன்பு, உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் 11ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் அமைச்சர் ஆசம் கான் சொன்னதாக ஒரு முகநூல் பதிவைப் போட்டதற்காகச் சிறைக்கு அனுப்பப்பட்டான். புகாருக்குப் பின்னால் அதிகாரம் இருக்கும்போது மேலதிகாரியின் ஒப்புதல் என்பது பெரிய தடையாக இருப்பதில்லை.

2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வர், ரோஹின்டன் நாரிமன் அமர்வு 66ஏ-வை முழுமையாக ரத்து செய்தது. நாரிமன் எழுதிய அந்தத் தீர்ப்பு, படிக்கச் சிரமமில்லாத, நேரடியான எழுத்து. சட்டம் படிக்காதவர்களும் ஒருமுறை வாசிக்கலாம். பேச்சை அது மூன்றாகப் பிரிக்கிறது. ஒரு விஷயத்தைப் பற்றி விவாதிப்பது, ஒரு கருத்துக்காக வாதாடுவது, ஒரு செயலைச் செய்யத் தூண்டிவிடுவது. முதல் இரண்டும் கேட்பவருக்கு எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு காக்கும் உரிமை. மூன்றாவது எல்லையைத் தொடும்போதுதான், 19(2) பட்டியலிடும் பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு தலையிட முடியும். எரிச்சலும் அசௌகரியமும் அந்தப் பட்டியலில் இல்லை.

‘மிகவும் புண்படுத்தும்’ என்ற தொடர் பிரிட்டிஷ் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே தொலைபேசியில் இனவெறிச் சொற்களைப் பேசிய ஒருவரின் வழக்கில், கீழ் நீதிமன்றங்கள் அது மிகவும் புண்படுத்துவதல்ல என்றன. அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை அதே சொற்களைப் பார்த்து, அது புண்படுத்துவதே என்றது. நாரிமன் இதை எடுத்துக்காட்டி, சட்டம் பயின்ற நீதிபதிகளே ஒரே சொற்களுக்கு நேர்மாறான முடிவுக்கு வரும்போது சாதாரண மனிதர் எப்படி எல்லையை அறிவார் என்று கேட்டார். எல்லை தெரியாதவர் எல்லைக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிடுவார், சொல்லத்தக்கதையும் சொல்லாமல் விட்டுவிடுவார். சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று அரசு உறுதி தந்தபோது, அரசுகள் வரும் போகும், 66ஏ மட்டும் என்றும் இருக்கும், இன்றைய அரசின் வாக்குறுதி நாளைய அரசைக் கட்டுப்படுத்தாது என்று அமர்வு பதில் சொன்னது. என்னைக் கேட்டால் அந்தத் தீர்ப்பின் ஆகச் சிறந்த பகுதி அதுதான். தனக்குப் பிடித்த கட்சி ஆட்சியில் இருக்கும்போது இப்படிப்பட்ட சட்டங்களை ஆதரிப்பவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டிய பகுதியும் அதுவே.

இந்த வாதம் திடீரென்று முளைத்ததல்ல. பேச்சுரிமை பற்றி உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஆரம்பகால வழக்குகளில் ஒன்று சென்னை மாகாண அரசின் உத்தரவை எதிர்த்தது. ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் நுழையக்கூடாது என்று மதராஸ் அரசு தடை போட்டது. 1950 மே மாதம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே முதல் அரசியல் சாசனத் திருத்தம் வந்து, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சேர்த்தது. கூடவே, கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தது. 1989இல் ஒரு தமிழ்த் திரைப்படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த வழக்கில், பேச்சுக்கும் வரப்போகும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போல உடனடியானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, படத்தை அனுமதித்தது. 66ஏ தீர்ப்பு இந்த வழியில் வந்த வாரிசு. பத்திரிகைக்கும் சினிமாவுக்கும் நாம் போராடிப் பெற்றதை, செல்போன் வைத்திருக்கும் பத்தொன்பது வயதுக்காரருக்கும் அது கொண்டுபோய்ச் சேர்த்தது.

சேர்த்தது என்று சொல்கிறேன், ஏட்டில் சேர்த்தது. ரத்தான பிறகும் அந்தப் பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தீர்ப்பின் நகலை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் தலைமைச் செயலர்களுக்கும் அனுப்பச் சொன்னது. 2021இல் பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு மீண்டும் நீதிமன்றம் போனது. அந்த மார்ச் நிலவரப்படி 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 66ஏ வழக்குகள் 745 நிலுவையில் இருப்பதாக அதன் மனு சொன்னது. அதிர்ச்சியளிக்கிறது என்றார் தீர்ப்பை எழுதிய அதே நாரிமன். அரசுத் தலைமை வழக்கறிஞர் வேணுகோபால் சொன்ன விளக்கம் மறக்க முடியாதது. சட்டப் புத்தகத்தில் 66ஏ இன்னும் அச்சில் இருக்கிறது, அது ரத்தானது என்ற தகவல் அடிக்குறிப்பில் மட்டுமே இருக்கிறது, காவலர்கள் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை. 2022 அக்டோபரில்தான், இனி யாரையும் இந்தப் பிரிவில் வழக்குக்கு உட்படுத்தக் கூடாது, நிலுவை வழக்குகளில் இருந்து அதை நீக்க வேண்டும் என்று திட்டவட்டமான உத்தரவு வந்தது. கேலிச்சித்திரம் அனுப்பிய ஜாதவ்பூர் பேராசிரியர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டது 2023 ஜனவரியில். சட்டம் செத்து ஏழே முக்கால் ஆண்டுக்குப் பிறகு, கைதாகிப் பதினோராவது ஆண்டில்.

66ஏ முற்றிலும் ஒழிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் வேலையை வேறு பிரிவுகள் செய்கின்றன. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 196 பிரிவு குழுக்களிடையே பகைமை வளர்ப்பதையும், 353 பிரிவு பொதுமக்களிடையே அச்சமோ தீய எண்ணமோ பரப்பும் கூற்றுகளையும் குற்றமாக்குகின்றன. இவற்றுக்கு நியாயமான பயன்பாடு உண்டு, மறுக்க முடியாது. எரிச்சல் தீர்க்கவும் இவை பயன்படுகின்றன என்பதே சிக்கல். 2025 மே மாதம், இந்தியா பாகிஸ்தான் மோதல் உச்சத்தில் இருந்தபோது, புனேயில் 19 வயதுப் பொறியியல் மாணவி ஒருவர் இந்திய அரசை விமர்சித்த ஒரு இன்ஸ்டாகிராம் பதிவைத் தன் பக்கத்தில் பகிர்ந்தார். மிரட்டல் வரத் தொடங்கியதும் இரண்டு மணி நேரத்துக்குள் நீக்கி மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் கைது, எரவாடா சிறை. கல்லூரி அவரிடம் விளக்கம்கூடக் கேட்காமல் வெளியேற்றியது. பருவத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மே 27 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை உடனே விடுவிக்கச் சொன்னது, கல்லூரியின் உத்தரவை நிறுத்திவைத்தது, ஒரு மாணவியைக் கொடுங்குற்றவாளி போல் நடத்துவதா என்று அரசைக் கடுமையாகக் கேட்டது. பால்கரிலிருந்து புனேக்குப் பன்னிரண்டரை ஆண்டு. இரண்டுமே மகாராஷ்டிரம், இரண்டிலும் இளம்பெண், இரண்டிலும் பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்ட பிறகு கைது.

ஒரு இளைஞருக்கு இப்படியொரு வழக்கு என்ன செய்யும் என்பதை, பேச்சுரிமையைக் கொள்கையாக மட்டும் பேசுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். முதலில் போன் ஆதாரமாகக் கைப்பற்றப்படும். படிப்பு, பணம், நண்பர்கள், வீட்டுப் படங்கள் எல்லாம் அதில்தான். பிறகு செய்தி கல்லூரிக்குப் போகும், ஊருக்குப் போகும். பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் நடக்கும் காவல்துறை விசாரணையில் நிலுவை வழக்கு உண்டா என்ற கேள்வி உண்டு, டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகும் வீட்டில் அந்தக் கேள்வியின் கனம் எல்லோருக்கும் தெரியும். “உனக்கு எதுக்குடா அரசியல், இருக்கிற இடம் தெரியாம இரு” என்று வீட்டில் சொல்வது கோழைத்தனத்தால் அல்ல. வழக்கு ஜெயித்தாலும் இழந்த ஆண்டுகள் திரும்பாது என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிகிறது. அந்தக் கணக்கைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுபக்கமும் உண்மைதான். சமூக ஊடகம் இளைஞர்களை, குறிப்பாகப் பெண்களை, கொடூரமாகக் காயப்படுத்துகிறது. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஒரு இளம்பெண், தன் முகத்தை ஒட்டி உருவாக்கிய ஆபாசப் படங்கள் முகநூலில் வந்ததால் உயிரை மாய்த்துக்கொண்டார். புகார் கொடுத்தும் நடவடிக்கை தாமதமானது என்று பெற்றோர் குற்றம் சாட்டினர். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே வருத்தம் தெரிவித்தார். ஆபாசப் படங்களைப் பரப்புவதற்கு எதிரான பிரிவுகள் அப்போதும் சட்டத்தில் இருந்தன, 66ஏ ரத்தானதால் அவை போய்விடவில்லை. இங்கே சட்டம் போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. தலைவரைப் பற்றிய வரிக்கு விடியற்காலையில் கதவைத் தட்டும் வேகம், ஒரு பெண்ணின் புகாருக்கு வரவில்லை. பேச்சுரிமைக்காக வாதாடுபவர்கள் இந்தப் பெண்களின் பாதுகாப்புக்கும் அதே குரலில் பேச வேண்டும். இரண்டும் ஒரே காவல் நிலையத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன.

சென்னை உயர் நீதிமன்றத்தின் சில முடிவுகள் இந்த எல்லையை நன்றாகக் காட்டுகின்றன. 2021இல் மதுரை அமர்வுக்கு ஒரு வழக்கு வந்தது. குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போன ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்று முகநூலில் வேடிக்கையாக எழுதிப் படம் போட்டார். வாடிப்பட்டி காவல்துறை, அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் செய்த பிரிவில் வழக்குப் பதிந்தது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்து செய்து, சிரிப்பது அரசியல் சாசனக் கடமைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட வேண்டும் என்ற தொனியில் எழுதினார். அதே மாதம், வாட்ஸ்அப் குழுவில் வேறொருவர் போட்ட பதிவுக்கு அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்றும் அதே அமர்வு சொன்னது. இன்னொரு பக்கம், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவை 2018இல் பகிர்ந்த எஸ்.வி. சேகர், வந்ததைப் படிக்காமல் ஃபார்வர்ட் செய்தேன் என்று சொன்னதை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கு நடந்து 2024இல் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதிகாரத்தைக் கிண்டல் செய்வதும், வேலை பார்க்கும் பெண்களை இழிவுபடுத்துவதும் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்க்க நீதிமன்றத்துக்கு முடிகிறது.

இளைஞர்களுக்கு இந்த உரிமை ஏன் முதியவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது? எனக்குத் தோன்றும் காரணம் எளிமையானது. அவர்களுக்கு வேறு மேடை இல்லை. பத்திரிகையில் பத்தி எழுத முடியாது, கட்சியில் பொறுப்பு இல்லை, சங்கம் இல்லை, பல கல்லூரிகளில் மாணவர் தேர்தலும் இல்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்களை எந்தக் கட்சியும் அழைக்கவில்லை, வாட்ஸ்அப்பும் முகநூலும் அழைத்தன. அந்த வழியின் பலத்தை அரசுகளும் கவனித்துக்கொண்டன. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. என்ன நடந்தது என்று கேட்கவும் சொல்லவும் மக்கள் தவித்த நாட்கள் அவை. 2020 ஜனவரியில் காஷ்மீர் இணைய முடக்க வழக்கில், இணையம் வழியான பேச்சும் 19(1)(அ)-வின் பாதுகாப்புக்குள் வரும், முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையற்ற முடக்கம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 செப்டம்பரில் நேபாள அரசு 26 சமூக ஊடகங்களை ஒரே நாளில் முடக்கியதும், ஊழலுக்கு எதிராக ஏற்கெனவே குமுறிக்கொண்டிருந்த இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள்; துப்பாக்கிச் சூட்டில் முதல் நாளே 19 பேர் இறந்தார்கள்; மறுநாள் பிரதமர் ஒலி பதவி விலகினார். அந்தக் கலவரத்தில் எரிந்தவற்றில் நாட்டின் முன்னணி ஊடக நிறுவனத்தின் அலுவலகமும் உண்டு. பேசும் வழியை அடைத்தால் கோபம் தணியும் என்ற நம்பிக்கை அங்கே எவ்வளவு விலை கேட்டது என்பதை எல்லா அரசுகளும் பார்த்தன.

காவல் நிலையக் கதவருகே சில மாற்றங்கள் இப்போது வந்திருக்கின்றன. 2025 மார்ச்சில், ஒரு கவிதை ஒலித்த காணொளியைப் பகிர்ந்த மாநிலங்களவை உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீதான வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு சொல்லின் விளைவை, எதைக் கேட்டாலும் புண்படுகிறவரின் அளவுகோலால் அல்ல, உறுதியான மனமுள்ள நியாயமான மனிதரின் அளவுகோலால் பார்க்க வேண்டும் என்றது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சு சார்ந்த புகார்களில், எஃப்.ஐ.ஆர். போடும் முன், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தும் வழி புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3) பிரிவில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதே பொருத்தம் என்றது. இரண்டு மாதம்கூட ஆகுமுன் புனே கைது நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடிக்குறிப்பைப் படிக்காத காவலர் தீர்ப்பையும் படிப்பதில்லை. மீறிக் கைது செய்த அதிகாரி பதில் சொல்ல வேண்டிய நிலை வராதவரை இது மாறும் என்று நான் நம்பவில்லை.

அதுவரை, எழுதுகிற இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை சில. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்க வேண்டியதில்லை. கைது தேவையில்லாத நிலையில், விசாரணைக்கு ஆஜராகும்படி அதே நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவில் எழுத்துபூர்வமான நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கைது செய்தால், அதற்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று அதே ஆண்டு நவம்பரில் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற எண்ணில் இலவச உதவி கேட்கலாம்.